தொகுப்பியும் ஆக்கவுரிமையும்

உற்பத்திச் சாதனங்கள் யாருடைய உடைமை என்னும் வினாவை நிலத்தோடும் ஆலையோடும் நிறுத்திவிடுதல் இன்று போதாது. செய்நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பி, அதாவது கம்பைலர், அத்தகையதொரு சாதனமே. செய்நிரலாளரின் தறி எனலாம். அத்தறியின் ஓர் உறுப்பு பதினேழாண்டுகள் தனியுடைமையாயிருந்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இயங்கும் செய்நிரல் எதிர்பாராத வழுவைச் சந்திக்கும்பொழுது அதனை உரிய பகுதியிடம் ஒப்படைக்கும் முறை 'விதிவிலக்குக் கையாளல்' எனப்படும். 1970களிலேயே ஆய்வாளர் பலர் இதனை விவாதித்தனர், சி.எல்.யு. மொழி அதனைக் கொண்டிருந்தது. 1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.ரி.யின் 32 பிட் அமைப்பில், வழுவைக் கையாளும் பகுதி பற்றிய பதிவுகள் நினைவகத்தின் அடுக்கிலே சங்கிலியாகக் கோக்கப்பட்டன. அடுக்கில் இத்தகைய பதிவுகளை வைத்து விதிவிலக்குகளைக் கையாளும் முறைக்கு போர்லண்ட் நிறுவனம் 1994 யூனில் விண்ணப்பித்தது. 1997 மே மாதத்தில் 5,628,016 என்னும் இலக்கமுடைய அமெரிக்க ஆக்கவுரிமையைப் பெற்றது. 1983 இல் டேர்போ பஸ்கால் தொகுப்பியை 49.95 டொலருக்கு விற்று, மாணவர் கைக்கும் தறியை எட்டச்செய்த அதே நிறுவனந்தான் இது!

ஜி.சி.சி. என்னும் கட்டற்ற தொகுப்பி இம்முறையைத் தவிர்த்தது. கட்டணம் செலுத்தி அனுமதி பெறுதலும் அதற்கு இயலாது; பெறுவோர் யாவரும் கட்டணமின்றி மறுபடி பகிரக்கூடியதாயிருத்தல் வேண்டுமென்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. எனவே மாற்று வழிகள் இரண்டு கையாளப்பட்டன. ஒன்று, வழு நேர்ந்தாலும் நேராவிடினும், காக்கப்பட்ட பகுதியுள் நுழையுந்தோறும் இயக்க நிலையைச் சேமித்து வைத்தது, வீண் வேலை. மற்றையது அச்செலவைத் தவிர்த்தது. ஆயின் விண்டோஸின் சொந்தச் சார்புகள் இடையே வந்துவிடின், அவற்றைக் கடந்து வழுவைக் கொண்டுசெல்ல அதனால் இயலவில்லை. போர்லண்டின் பெயரையே கேட்டறியாதோரின் கணினிகளும் இதற்கு விலை கொடுத்தன.

ஆக்கவுரிமை புத்தாக்கத்தை ஊக்குவிக்கிறது என்பது முதலாளித்துவச் சட்டவியலாரின் வாதம். போர்லண்ட் பொறியியலாளரின் உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின், சமூகத்தின் பொது அறிவே நேரடி உற்பத்திச் சக்தியாகின்றது என்று 1857-58 குறிப்பேடுகளில் மார்க்ஸ் கண்டது இங்கு பொருந்தும். பலர் உழைப்பில் விளைந்த அறிவின் கடைசிக் கண்ணியைப் பதிவுசெய்தவர் சங்கிலி முழுவதற்கும் சுங்கம் கேட்கிறார். வழக்குக்கூட வேண்டியதில்லை, அச்சமே போதும்.

2014 யூனில் அவ்வுரிமை காலாவதியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டே ஜி.சி.சி. 4.8, விண்டோஸின் 64 பிட் முறையை ஏற்றிருந்தது. அம்முறையில் அப்பதிவுகள் அடுக்கிலே வைக்கப்படுவதில்லை. தனி அட்டவணைகளில் உள்ளன.