உஷார்! ‘சி.எஸ்.டி.’ போட்டுக் கையெழுத்திடும் முன்...

பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, வென்டிலேட்டரில் கிடக்கிறார் ஒருவர். அவருடைய கேஸ் ஷீட்டில் காலைக் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘கான்ஷியஸ், ஓரியன்டட். எஸ்1 எஸ்2 பிளஸ். வயிறு சாஃப்ட். என்.எஃப்.என்.டி.’ அந்தக் கடைசி நாலெழுத்துக்கு, கை கால் பலவீனம் முதலான நரம்புக் கோளாறு எதுவும் தென்படவில்லை என்று அர்த்தம்! அதற்குக் கீழே ‘சி.எஸ்.டி.’, அதாவது நேற்றைய சிகிச்சையே இன்றும். கையெழுத்து. முடிந்தது.

இப்படி ஒரு குறிப்பைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல, ஐ.சி.யு.வில் வேலை பார்த்த யாருக்கும் வாய் வராது. புதிதாக டியூட்டிக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, உஷார்! கை தானாக எழுதிவிடும் இந்த மந்திரம் ஆளை அடிக்கும். பெரும்பாலும் ராத்திரியில்தான் அடிக்கும்.

மணி இரண்டு. ‘டாக்டர், ஆறாம் பெட்டுக்கு ரைட் பியூப்பில் பெரிசா இருக்கு, வந்து பாருங்க’ என்கிறார் சிஸ்டர். மூளைக்குள் புதிதாக ரத்தக் கசிவா? அல்லது எப்போதோ கண்புரை ஆபரேஷன் ஆன கண், வந்த நாளிலிருந்தே அப்படித்தானா? சாயங்காலக் குறிப்பைப் புரட்டுகிறீர்கள். ‘பியூப்பில் ஈக்வல், ரியாக்டிங்.’ டார்ச் அடித்துப் பார்த்து எழுதியதா, முந்தின நாள் வரியைப் பார்த்து எழுதியதா? புதிது என்றே வைத்துக்கொண்டு, வென்டிலேட்டரோடு சி.டி.க்கு ஓட வேண்டியதுதான். குறிப்புகளை நம்பிப் பழக்கமில்லாத டாக்டர், ‘முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று விட்டுவிட்டால்? அது இன்னும் மோசம்.

கம்ப்யூட்டர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். நேற்றைய குறிப்பை ஒரே அமுக்கில் இன்றைக்கு இழுத்துவரும் வசதியும் கூடவே வந்தது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஐ.சி.யு. ஆய்வில், பயிற்சி டாக்டர்களின் குறிப்புகளில் 82 சதவீதத்திலும் சீனியர்களின் குறிப்புகளில் 74 சதவீதத்திலும், ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பழைய குறிப்பின் நகல்தான். சீனியர்களும்தான், கவனியுங்கள். டியூப் எடுத்துக் கஞ்சி குடிக்கிறவர் குறிப்பில் இன்னும் வென்டிலேட்டரில் இருப்பார். மெரோபெனம் ‘மூன்றாம் நாள்’ ஒரு வாரத்துக்கு நீளும். கிரியேட்டினின் 0.9-லிருந்து 2.4-க்கு ஏறியிருக்கும், டோஸ் மட்டும் 0.9 காலத்து டோஸ்.

நார்அட்ரினலின் விஷயத்தில் இரட்டை உஷார். ‘மணிக்கு 5 எம்.எல்.’ என்று மட்டும் எழுதுகிறோம். 50 எம்.எல். சிரிஞ்சில் 4 மில்லிகிராம் கலந்திருந்தால், 60 கிலோ ஆளுக்கு அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.11 மைக்ரோகிராம். நைட் ஷிஃப்டில் 8 மில்லிகிராம் கலந்து போட்டுவிட்டால், அதே 5 எம்.எல். 0.22 ஆகிவிடும். குறிப்பில் ‘நேற்றும் 5, இன்றும் 5, ஸ்டேபிள்’. பெட்டில் மருந்து இரட்டிப்பு! மைக்ரோகிராம் கணக்கில் எழுதுங்கள். பம்ப்பைப் பார்த்து எழுதுங்கள், பக்கத்துத் தாளைப் பார்த்து அல்ல. ஜி.சி.எஸ்.ஸும் அப்படித்தான். மொத்தமாக ‘10’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கண், பேச்சு, அசைவு மூன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். டியூப் இருந்தால் அதையும், மயக்க மருந்து ஓடினால் அதையும் சேர்த்து.

ஜான்-லூயி வின்சென்ட் 2005-இல் எழுதிய ‘ஃபாஸ்ட் ஹக்’ பட்டியல் நல்லதுதான்: உணவு, வலி மருந்து, மயக்க மருந்து, ரத்தம் உறையாமல் காப்பு, தலைப்பக்க உயரம், அல்சர் தடுப்பு, சர்க்கரை. ஆனால் அதற்கும் ஏழு டிக் அடித்துவிட்டுப் போகிற பழக்கம் வந்துவிட்டது. நம் குறிப்பில் எண்களுக்குப் பஞ்சமில்லை, யோசனைக்குத்தான் பஞ்சம். நேற்றைவிடத் தேவலையா, மோசமா? ஏன் என்று நினைக்கிறீர்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஆறு மணி நேரமாகச் சிறுநீர் மணிக்கு 20 எம்.எல்.தான். நார்அட்ரினலின் 0.1-லிருந்து 0.2. புதுத் தொற்றாக இருக்கலாம்; கல்ச்சர் அனுப்பியாயிற்று. இரவு 10 மணிக்கு லாக்டேட். 4-ஐத் தாண்டினால் என்னைக் கூப்பிடவும்.’ ராத்திரி டியூட்டிக்காரர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

இன்னொன்று. ‘பிராக்னாசிஸ் எக்ஸ்ப்ளெயின்டு டு அட்டெண்டர்ஸ்’ என்ற வரியை எழுதாதவர் யார்? எந்த அட்டெண்டர், மகனா, மருமகளா? எத்தனை மணிக்கு? என்ன சொன்னீர்கள், அவர்கள் என்ன கேட்டார்கள்? 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, குடும்பத்தார் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட் நகலைக் கொடுத்தாக வேண்டும். அதில் பெயரும் நேரமும் இல்லாத அந்த வரி செல்லாக்காசு. கேட்ட பிறகு இடைச்செருகல் போடுவதோ, வொயிட்னர் பூசுவதோ அதைவிட வினை. தவறாக எழுதியிருந்தால் படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து போடுங்கள்.