பழைய விண்டோஸுக்கு ஏறும் கட்டணம்

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள் உள்ளன. எல்லாம் 2016-ல் வாங்கியவை. விண்டோஸ் 10-ல் இயங்குபவை. பில், ஸ்டாக், ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அவற்றில்தான். "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. கம்ப்யூட்டர் தொடர்ந்து இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. அடைக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும்.

நிறுவனங்களுக்கான கட்டணத்தைப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு முதல் ஆண்டு 61 டாலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. அதோடு சரி. முதல் ஆண்டு சும்மா இருந்துவிட்டு அடுத்த ஆண்டு சேர்ந்தால், விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். (வட்டிக்கடைக்காரர்கூட இவ்வளவு கறாராக இருப்பாரா!) நண்பரின் நான்கு கம்ப்யூட்டர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 1,708 டாலர் ஆகிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 1,45,000 ரூபாயைத் தாண்டும். அந்தப் பணத்தில் புதிதாக நான்கு வாங்கிவிடலாம்.

நிறுவனம் எதிர்பார்ப்பதும் அதைத்தான் என்பது என் கருத்து. பேட்ச் எழுதும் வேலை இரண்டாம் ஆண்டில் இரண்டு மடங்காகிவிடுவதில்லையே! மைக்ரோசாப்டின் விண்டோஸ் 365 என்ற சந்தா சேவையைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களுக்கு இதே அப்டேட் இலவசம் என்பதையும் கவனியுங்கள்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் ஆதரவு முடிந்தபோதும் இதே நிலைதான். ஓராண்டு நீட்டிப்புக்கு பிரிட்டன் அரசு சுமார் 55 லட்சம் பவுண்டு கொடுத்தது. தமிழக அரசோ, சி-டாக் உருவாக்கிய இலவச பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தன் துறைகளிடம் சொன்னது.

நண்பரால் அப்படி முழுதாக மாற முடியாது. அவருடைய பில்லிங் மென்பொருளுக்கு விண்டோஸ் தேவை. எனவே பேங்க், ஜி.எஸ்.டி. வேலைகளுக்கு மட்டும் ஒரு புதிய கம்ப்யூட்டர் வாங்கினார். பழையவற்றின் இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டார். அவை பில் மட்டும் போடுகின்றன.

வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. முதல் ஆண்டுக்கு 30 டாலர் என்று அறிவித்தார்கள். செட்டிங்குகளை மைக்ரோசாப்ட் கணக்கில் பேக்கப் செய்தால் அதுவும் வேண்டாம் என்றார்கள். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சிப் தேவை. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். மைக்ரோசாப்டின் 'பி.சி. ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராம் இதைச் சோதித்துச் சொல்லும். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே அதை ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.