எண்ணெய் வளமும் நாடுகளின் வாழ்வும்

முத்துக்குளித்தலும் கடல் வாணிபமுமே ஒருகாலத்தில் குவைத் மக்களின் வாழ்வாதாரங்களாக விளங்கின. ஜப்பானியரின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்தபின் முத்துத் தொழில் நலிந்தது. 1938-இல் புர்கானில் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1946-இல் ஏற்றுமதி தொடங்கியது. வறுமை அகன்றது. ஆயினும் நாட்டின் வாழ்வு ஒரே பொருளின் விலையோடு பிணைந்தது.

அவ்வளமே பகையையும் அழைத்து வந்தது. குவைத் அளவுக்கு மீறி எண்ணெய் எடுத்து விலையைச் சரிக்கின்றது எனக் குற்றஞ்சாட்டிய ஈராக், 1990 ஆகஸ்ட் 2-ஆம் நாள் அந்நாட்டின்மீது படையெடுத்துக் கைப்பற்றியது. 1991-இல் பின்வாங்கியபோது அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீயிட்டது.

அப்போர் எண்ணெய் வாங்கும் நாடுகளையும் சுட்டது. கச்சா எண்ணெயின் விலையுயர்வால் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு மேலும் கரைந்தது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் வேலையிழந்து தாயகம் திரும்பினர். அவர்கள் அனுப்பிவந்த பணமும் நின்றது. 1991-இல் நாட்டின் தங்கத்தை அயல்நாட்டில் அடகு வைக்க நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் குவைத் 1976-இலேயே அரசு வருவாயில் பத்திலொரு பங்கை வருங்காலத் தலைமுறைக்கென ஒதுக்கச் சட்டம் இயற்றியிருந்தது. அயல்நாடுகளில் முதலீடு செய்யப்பட்ட செல்வமே நாடிழந்த நாளில் அதற்குக் கைகொடுத்தது. வளைகுடா ஊதியத்தால் அடுப்பெரியும் நம் இல்லங்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் இது. வருவாய் வற்றுமுன் சேமிப்பும், பிள்ளைகளின் கல்வியும் வளர்தல் வேண்டும்.