கட்டுமரம் ஏறிப் போன தமிழ்!
ஆங்கிலேயர் கொண்டு போன சொற்கள்

ஆங்கிலம் என்றாலே சிலருக்குப் பயம். அதிலும் நீளமான சொல்லைக் கண்டால் கேட்கவே வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வியர்த்துவிடும்!

ஆனால், அப்படிப்பட்ட நீளச் சொற்களில் சில நம் வீட்டுப் பிள்ளைகள்தான். சட்டை மாற்றிக்கொண்டு நிற்கின்றன. அவ்வளவே!

தூத்துக்குடிக் கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கட்டுமரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை. கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அதனால் கட்டுமரம். அதையே ஆங்கிலத்தில் "கேட்டமரான்" என்கிறார்கள். மொத்தம் ஒன்பது எழுத்து. அதில் "ஏ" என்ற எழுத்து மட்டும் நான்கு தடவை வருகிறது!

டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ம் ஆண்டு வெளியிட்ட பயண நூலில் இந்தச் சொல்லை எழுதி இருக்கிறார்.

பொருள் மாறியது

கடல் கடந்து போன சொல்லுக்குப் பொருளும் மாறியது.

1804-ம் ஆண்டில் நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க, வெடிமருந்து நிரப்பிய மிதவைகளை ஆங்கிலேயர் அனுப்பினார்கள். அவற்றுக்கும் "கேட்டமரான்" என்றே பெயர்!

பிறகு 1876-ல் ஹெரஷாப் என்ற அமெரிக்கர், இரண்டு படகுகளை இணைத்தது போன்ற ஒரு பாய்ப்படகைக் கட்டிப் பந்தயத்தில் வென்றார். இப்போது உலகம் முழுவதும் "கேட்டமரான்" என்றால் அந்த இரட்டைப் படகுதான்.

எல்லாம் "சி" எழுத்து!

இப்படிப் போன சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. பல சொற்களுக்கு ஆங்கிலத்தில் "சி" என்ற எழுத்தே முதல் எழுத்து.

சங்கு, ஆங்கிலத்தில் "சேங்க்" ஆயிற்று. தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு, வங்காளத்துப் பெண்களின் கை வளையல் ஆனது. சங்கோடு பெயரும் பயணம் போனது.

சுருட்டு, "செரூட்" ஆயிற்று. திருச்சி சுருட்டுக்கு ஒரு காலத்தில் சீமையிலும் பெயர் இருந்தது. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றிய முதல் கதை 1887-ல் வெளிவந்தது. அதில் அவர் சாம்பலைப் பார்த்தே அது திருச்சி சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார்!

குருந்தம், "கொரண்டம்" ஆயிற்று. சாணை பிடிக்கப் பயன்படும் கடினமான கல் இது. இதே கல் சிவப்பு நிறத்தில் கிடைத்தால் மாணிக்கம். நீல நிறத்தில் கிடைத்தால் நீலக்கல்.

கறி, "கர்ரி" ஆயிற்று. மசாலா சேர்த்த குழம்பு எதுவானாலும் அவர்களுக்கு அதே பெயர்தான்.

ஏன் எல்லாவற்றுக்கும் "சி"? காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ஓர் எழுத்து பல இடங்களில் "க" என்று ஒலிக்கும். பக்கத்தில் "எச்" சேர்த்தால் "ச" என்று ஒலிக்கும். நம் "க"வுக்கும் "ச"வுக்கும் ஒரே எழுத்து வாசல் திறந்தது!

முதலில் வந்தவர்கள்

ஆங்கிலேயருக்கு முன்பே முத்துக்குளித்துறைக்கு வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். அவர்களும் "க" ஒலியை எழுத "சி" எழுத்தைப் பயன்படுத்தியவர்களே.

அவர்களில் ஒருவர் அன்றிக் அடிகளார். புன்னைக்காயலில் தங்கித் தமிழ் படித்தார். தமிழ் இலக்கணத்தைப் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான "தம்பிரான் வணக்கம்" என்ற தமிழ் நூல் இவர் தந்ததே.

கொடுக்கல் மட்டும் அல்ல, வாங்கலும் உண்டு. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் நமக்குத் தந்த சொற்கள்!

ஏமாறவும் கூடாது

ஒலி ஒன்றாக இருந்தால் உடனே உறவு கொண்டாடிவிடக் கூடாது.

"கேஷ்" என்ற சொல்லைப் பாருங்கள். பணம் என்ற பொருளில் வரும் "கேஷ்" நம்முடையது அல்ல. பணப்பெட்டியைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லில் இருந்து பிறந்தது.

ஆனால், இன்னொரு "கேஷ்" இருந்தது. அது நம் காசு! பழைய சென்னை நாணயக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசையும் ஆங்கிலேயர் "கேஷ்" என்றே எழுதினார்கள். இரட்டைப் பிள்ளைகள் போல உருவம் ஒன்று, தாய் வேறு!

இந்தச் சொற்களை எல்லாம் தேடித் தொகுத்தவர்கள் யூல், பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். "ஹாப்சன்-ஜாப்சன்" என்ற அந்த அகராதி 1886-ல் வெளிவந்தது.

பன்னிரண்டு எழுத்து ரசம்

எல்லாவற்றிலும் நீளமான சொல் எது தெரியுமா? "மல்லிகடானி". பன்னிரண்டு எழுத்து! இது மட்டும் "எம்" எழுத்தில் தொடங்குகிறது.

பொருள் என்ன என்று பயப்பட வேண்டாம். மிளகுத் தண்ணீர்! நம் வீட்டு மிளகு ரசம்தான், இறைச்சி எல்லாம் சேர்ந்து ஆங்கிலேயரின் சூப் ஆகிவிட்டது.

முத்து மட்டும் போகவில்லை

கடைசியாக ஒரு விந்தை. தூத்துக்குடிக்கு உலகப் புகழ் தந்தது முத்து. அயல்நாட்டார் முத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். "முத்து" என்ற சொல்லைக் கொண்டு போகவில்லை! ஆங்கிலத்தின் "பேர்ல்" பிரெஞ்சு மொழி வழியாக வந்த சொல்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ம் ஆண்டில். பிறகு முத்துக்குளிக்கும் படகுகள் புறப்படவில்லை. கடல் தந்த முத்து நின்றுபோயிற்று. கடலோர மக்கள் தந்த சொற்கள் மட்டும் உலகத்தின் வாயில் இன்றும் புழங்குகின்றன.

இனி உங்கள் பிள்ளை நீளமான ஆங்கிலச் சொல்லைக் கண்டு தயங்கினால், "கேட்டமரான்" என்று எழுதிக் காட்டுங்கள். "இது உன் பாட்டன் கட்டிய மரம்" என்று சொல்லுங்கள். பாதிப் பயம் பறந்துவிடும்!