போற்றலும் இரங்கலும்: புறப்பாடல்களில் போர் குறித்த ஒரு தொடரியல் நோக்கு

1. முன்னுரை

ஹோமரின் இலியட் போரைப் போற்றுகிறதா, பழிக்கிறதா என்னும் வினா மேலைத் திறனாய்வில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருவதாகும். அக்காப்பியத்தின் தலைமைப் பொருள் எந்த வீரனும் அல்லன், மனிதனை வெறும் பொருளாக்கிவிடும் வன்விசையே என்று சிமோன் வேய் 1940ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டார். அதனை வீரயுகப் பாடலாகக் காண்போர் புகழே அதன் அச்சு என்பர். சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காப்பியங்களோடு ஒப்பிட்டு க. கைலாசபதி எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அவ்வொப்பீட்டின் வழியே இதே வினாவைப் புறநானூறு, பதிற்றுப்பத்து ஆகியவற்றின்மீதும் எழுப்ப இயலும். ஆயினும், ‘இரண்டில் எது?’ என்று கேட்கும் முறை புறப்பாடலின் தொடரமைப்புக்குப் பொருந்துவதன்று. அவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் கட்டாயம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பிலேயே தோன்றுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரநாட்டையும் கொங்குநாட்டையும் இணைக்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியிலும், 1956இல் மாநிலச் சீரமைப்பின்போது கேரளத்தோடு அமைந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் இச்சிக்கல் தனித்த முக்கியத்துவம் பெறுகிறது. இப்பகுதிகளில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. சேர வேந்தர் எண்மரைப் பற்றிய எண்பது பாடல்களாக இன்று கிடைக்கும் பதிற்றுப்பத்தை இருமொழியினரும் தம் முன்னோர் நூலாகக் கருதுகின்றனர். பெயர்ப்பாளர் ஒரு வினைமுற்றை மாற்றியமைத்தால் அவ்வேந்தர் கொடியவராகவும் தோன்றலாம்; அமைதி நாடியவராகவும் தோன்றலாம்.

2. இலியட்டின் இரு அடைமொழிகள்

இலியட்டில் போர் ஒருபால் ‘ஆடவர்க்குப் புகழ் தருவது’ என்னும் பொருளுடைய அடைமொழியைப் பெறுகிறது; மற்றொருபால் ‘கண்ணீர் மிக்கது’ என்னும் அடைமொழியைப் பெறுகிறது. இரண்டும் வாய்மொழி மரபின் வழக்குத் தொடர்கள். சிறுவீரன் ஒருவன் வீழும்போது அவன் பிறந்த இடத்தையும் பெற்றோரையும் கூறுவது அக்காப்பியத்தின் இயல்பு. 24 பகுதிகளைக் கொண்ட காப்பியம் அக்கிலீசின் சினத்தில் தொடங்கிப் பகைவனாகிய ஹெக்டரின் ஈமச்சடங்கில் முடிகிறது. ஆயினும் புகழும் துயரும் அதில் பெரும்பாலும் வெவ்வேறு தொடர்களிலும் வெவ்வேறு காட்சிகளிலும் அமைந்துள்ளன. எனவே ஒரு காட்சியைக் கொண்டு மற்றொன்றை மறுக்கும் வாதம் அங்கே இயல்பாக எழுகிறது.

3. கொற்றவள்ளை என்னும் துறை

தமிழ்ப் புறத்திணை மரபு இவ்விரண்டையும் ஒரு துறைக்குள்ளேயே அமைத்துள்ளது. வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்று கொற்றவள்ளை. மன்னனின் புகழைக் கூறிப் பகைவர் நாடு அழிந்தமைக்கு இரங்குதல் என்று புறப்பொருள் வெண்பாமாலை இதனை விளக்குகிறது. இவ்விளக்கத்தில் இரங்கல் துறையின் உறுப்பாகவே இடம்பெற்றுள்ளது. கேட்போர் விரும்பினால் கொள்ளவும் விரும்பாவிடில் தள்ளவும் கூடிய கூடுதல் உணர்வன்று அது.

போரை வெளிப்படையாகத் தடுப்பதற்குத் தனித்துறை உண்டு என்பதும் நோக்கத்தக்கது. அது துணைவஞ்சி. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, யார் தோற்றாலும் தோற்பது நுங்குடியே என்று கோவூர்கிழார் கூறிய பாடல் (புறம் 45) இத்துறையது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடியதும் (புறம் 36) அவ்வாறே. வெளிவந்து பொராத வேந்தனோடு போரிடுவது நாணத்தக்கது என்பதே ஆலத்தூர் கிழாரின் வாதம். போரை நிறுத்தச் சொல்லும் இப்பாடல் அருளைச் சுட்டாமல் வீரநெறியின் நாணத்தையே சுட்டுகிறது.

புறப்பாடல் முழுதும் போர்ப்புகழ்ச்சியே எனின் கொற்றவள்ளையின் விளக்கத்தில் இரங்கலுக்கு இடமிராது. முழுதும் போர்மறுப்பே எனின் துணைவஞ்சி என ஒரு தனித்துறை வேண்டியதில்லை. எனவே மரபு இவ்விரு செயல்களையும் வேறுபடுத்தி அறிந்திருந்தது என்பது தெளிவு.

4. தொடரமைப்புச் சான்றுகள்

உருவப்பஃறேர் இளஞ்சேட்சென்னியைப் பரணர் பாடிய கொற்றவள்ளைப் பாடல் (புறம் 4) சிறந்த சான்றாகும். குருதி தோய்ந்த வாள், வீரரின் கழற்கால், குதிரை, களிறு என அடுக்கி, தேர்மேல் தோன்றும் வேந்தனைக் கடலினின்று எழும் ஞாயிற்றுக்கு ஒப்பிடுகிறார் புலவர். பின் ‘மாறு’ என்னும் ஏதுப்பொருள் இடைச்சொல் வருகிறது. நீ இத்தன்மையன் ஆதலால், உன்னைப் பகைத்தோர் நாடு தாயின்றி உண்ணாத குழவிபோல ஓயாது கூவும் என்று பாடல் முடிகிறது. ஞாயிற்றின் அழகும் குழவியின் அழுகையும் இங்குக் காரண காரியமாகப் பிணைக்கப்பட்டுள்ளன. ‘ஆதலால்’ என்பதை நீக்கி இரு தொடராக்கினால் முதற்பாதி புகழ்ச்சியாகவும் பிற்பாதி புலம்பலாகவும் பிரிந்துவிடும்.

இப்பாடலின் முற்று ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டினது என்பதும் கருதத்தக்கது. அழுகை முடிந்ததாகவோ இனிமேல் நிகழ்வதாகவோ அவ்வாய்பாடு வரையறுப்பதில்லை. மலையாளத்தில் ‘கரயும்’ போன்ற -உம் ஈற்று வடிவம் இன்றும் வழக்கில் இருப்பதால் இத்தன்மையை அம்மொழியில் காக்க இயலும். ஆங்கிலம் ஏதேனும் ஒரு காலத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும்.

சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் பொருது ஒருங்கே வீழ்ந்த களத்தைப் பரணர் பாடிய பாடல் (புறம் 63) மற்றொரு சான்று. யானை, குதிரை, வீரர், வேந்தர் என யாவரும் மாண்டமை கூறப்பட்டபின், ‘என்னாகுமோ’ என்னும் பொருளில் ஐயம் உணர்த்தும் ‘கொல்’ என்னும் இடைச்சொல்லோடு பயனிலை முற்பட வருகிறது. அதன் பின்னரே ஆம்பல் தொடி அணிந்து அவல் உண்டு புனலாடும் மகளிரைக் கொண்ட வளநாடு ஒரு நீண்ட அடைத்தொடராக வந்து, ‘நாடு’ என்னும் பெயரில் முடிகிறது. வளம் முழுவதையும் ஐயத்தின் நிழலில் கேட்கச் செய்வது இச்சொல்வரிசையே. வளத்தை முதலில் கூறி வினாவை இறுதியில் வைத்தால் அது வழக்கமான இரங்கல் மொழியாகச் சுருங்கிவிடும்.

5. பதிற்றுப்பத்தும் நடுகல்லும்

பதிற்றுப்பத்தின் பாடல்களுக்கு அவற்றுள் அமைந்த தொடர்களே பெயராக வழங்குகின்றன. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் மீது குமட்டூர்க் கண்ணனார் பாடிய இரண்டாம் பத்தில் ‘புண்ணுமிழ் குருதி’, ‘நிரைய வெள்ளம்’, ‘வளனறு பைதிரம்’ என்பன அத்தகைய பெயர்கள். தன் வேந்தனின் படையை நரகத்துக்கு ஒப்பிடும் தொடரும், வளமற்றுப்போன நாட்டைக் குறிக்கும் தொடரும் ஒரு புகழ்நூலின் பாடல்களுக்குத் தலைப்பாயின. ‘பூத்த நெய்தல்’ என்னும் 13ஆம் பாடல் பகைவர் நாட்டு வளங்களை அடுக்கி, அவை அழிந்த நிலையைக் கூற்றுவன் கைப்பட்ட உடலுக்கு ஒப்பிட்டு, பின்னர்ச் சேரன் காக்கும் நாட்டைக் காட்டுகிறது. அழித்தவனும் காப்பவனும் ஒருவனே. இரண்டும் ‘நீ’ என்னும் ஒரே முன்னிலையை நோக்கிக் கூறப்படுகின்றன.

இவற்றோடு ஒப்பிட, இடுக்கி எல்லையை அடுத்த தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் உதவும். அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்தவன் ஒருவனுக்கு எடுக்கப்பட்டது. அக்கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஊரே என்று கருதுவோர் உளர். ‘ஆகோள்’ என்பது தொல்காப்பியம் வெட்சித்திணையில் ஆளும் சொல். கல்லில் பெயரும் ஊரும் நிகழ்வும் மட்டுமே உள்ளன. வினைமுற்று இல்லை, புகழ்மொழியும் இல்லை, இரங்கலும் இல்லை. போரில் இறந்தவனை நினைவுகூர்வதற்கு மதிப்பீடு இன்றியமையாததன்று என்பதற்கு இப்பெயர்த்தொடர் சான்று.

6. ஒரு மறுப்பும் விடையும்

கொற்றவள்ளையின் இரங்கல் வெறும் மரபு, வெற்றியின் அளவைக் காட்டும் கருவி என்பது ஒரு மறுப்பு. இரங்கல் வெற்றியை அளக்கிறது என்பது உண்மையே. ஆனால் கேட்போருக்கு அத்துயர் மெய்த்துயராகப் படாவிடின் அது அளவுகோலாகவும் பயன்படாது. மேலும், பரிசில் பெறும் புலவர் வேந்தனின் முகத்துக்கு நேரே இதனைக் கூறுகிறார். மரபு அவருக்குக் கூறத் தடையின்மையை அளித்தது. கூறியவற்றின் பொருளை அது வெறுமையாக்கிவிடவில்லை.

7. மொழிபெயர்ப்பாளருக்கு

இந்நோக்கிலிருந்து மூன்று நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, ஏதுப்பொருள் இடைச்சொல்லால் இணைந்த பகுதிகளைத் தனித்தொடர்களாக வெட்டாதிருத்தல். இரண்டாவது, இறுதிப் பெயரை இறுதியிலேயே வைத்தல். பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்வைக்கும் மலையாளத்துக்கு இது எளிது; ஆங்கிலத்தில் அடியமைப்பின் துணை வேண்டும். மூன்றாவது, முன்னிலையைக் காத்தல். வேந்தனை நோக்கிய ‘நீ’ மலையாளத்தில் ‘அங்ஙு’ எனப்பட்டால் புலவர் பணிவுடைய அரசவையாளராக மாறுகிறார். அவரது இரங்கலும் முகமனாக ஒலிக்கிறது.

நூற்பெயர்களும் இவ்வகையில் எண்ணத்தக்கவை. ஏ. கே. இராமானுஜனின் 1985ஆம் ஆண்டுத் தொகுப்பு காதலையும் போரையும் தலைப்பில் இணைத்தது. ஜார்ஜ் ஹார்ட், ஹேங்க் ஹைஃபெட்ஸ் ஆகியோரின் 1999ஆம் ஆண்டுப் புறநானூற்று மொழிபெயர்ப்பு போரையும் மெய்யறிவையும் இணைத்தது. இரண்டிலும் போர் தனித்து நிற்கவில்லை.

8. முடிவுரை

புறப்பாடல் போரைப் போற்றுகிறதா, பழிக்கிறதா என்று கேட்கும் மாணவருக்கு, எந்தத் துறை, எந்த இடைச்சொல், எந்த முற்று என்று திருப்பிக் கேட்பதே பொருத்தமான விடையாகும். துணைவஞ்சி போரைத் தடுக்கிறது. கொற்றவள்ளை வெற்றியையும் அதன் விலையையும் ஒரே வாக்கியத்தில் கூறுகிறது. அவ்வாக்கியத்தை உடையாமல் பெயர்த்தால், தீர்ப்பு கூறும் பொறுப்பு மூலத்தில் உள்ளவாறே படிப்போரிடம் நிற்கும். சேரர் பாடல்களை இருமொழியிலும் படிக்கும் எல்லைப்பகுதி மாணவர்க்கு இவ்வுரிமை கிடைப்பது பெயர்ப்பாளரின் தொடரியல் கவனத்தைப் பொறுத்தது.