மஞ்சள் பையின் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் கிலோ பால்கோவா வாங்குகிறோம். தின்று முடிக்க இரண்டு நாள் ஆகும். அதைச் சுமந்துவந்த பாலித்தீன் உறையோ நம் பேரன் காலத்திலும் ஏதாவதொரு வடிவில் இருக்கும். ஏன் இப்படி?

பாலித்தீன் என்பது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நிற்கும் சங்கிலி மூலக்கூறாகும். மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் தம் நொதிகளால்தான் உணவை அறுத்துத் தின்கின்றன. இந்தக் கார்பன் பிணைப்பை அறுக்கவல்ல நொதி அவற்றிடம் அநேகமாக இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சங்கிலியை ஆங்காங்கே துண்டாக்கும், உறை நொறுங்கித் தூளாகும், தூளும் பாலித்தீன்தான்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில், இராஜபாளையத்து ஆலைகளில் நூற்கப்படும் பருத்தியும் நீண்ட சங்கிலியே. ஆனால் அதன் கண்ணிகள் குளுக்கோஸ். கண்ணிகளை இணைப்பது ஆக்சிஜன் அணு. அந்த இடத்தில் வெட்டத் தெரிந்த உயிரிகள் மண்ணில் ஏராளம். ஈர மண்ணில் புதைத்த பருத்தித் துணி சில மாதங்களில் மக்கிப்போகும்.

அப்படியானால் துணிப்பை வாங்கினால் தீர்ந்ததா? இங்கேதான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால், ஒரு பாலித்தீன் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பை 52 முறையாவது பயன்பட வேண்டும். மற்றப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை! ஆனால் அந்நாட்டில் குப்பை முறையாகச் சேகரிக்கப்படுகிறது. ஓடையை அடைக்கும் பையும், மாட்டின் இரைப்பையில் சேரும் பையும் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆகவே 7,100-ஐக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. 52-ஐ அலட்சியப்படுத்தவும் முடியாது. வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப்போனால் ஓராண்டுக் கணக்கு அது. கல்யாணத்துக்குக் கல்யாணம் கிடைத்த தாம்பூலப் பைகள் இருபது, பரணில் மடித்தபடி கிடந்தால்? பாலித்தீனே தேவலை.

இன்னொன்று. துணிபோலத் தோன்றும் பைகள் பல துணியே அல்ல. பாலிபுரோப்பிலீன் இழைகளைச் சூட்டால் ஒட்டிச் செய்தவை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் அதுவும் உண்டு. ஐயமிருந்தால் ஓர் இழையைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும்; மற்றது உருகிச் சுருண்டு கெட்டி மணியாகும்.

வீட்டுக்கு வந்துவிட்ட பாலித்தீனைத் தெருமுனையில் கொளுத்தாதீர்கள். குப்பைக் குவியலில் காற்றும் வெப்பமும் போதா. அரைகுறையாக எரிந்து கரிப்புகை வரும்; நடுவே பி.வி.சி. கிடந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சினும் சேர்ந்து வரும். சிமெண்டுச் சூளையில் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பம். அங்கே இதே பாலித்தீன் டீசலுக்கு நிகரான எரிபொருள். ஆனால் ஈரம் கூடாது. ஒரு கிராம் நீரை ஆவியாக்கவே ஏறக்குறைய 540 கலோரி செலவாகும். எனவே உறையைக் கழுவி, உலர்த்தி, சோற்றுக் குப்பையோடு சேர்க்காமல் தனியே கொடுங்கள்.

பால்கோவாவுக்கு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவையே கொண்டுபோகலாம். வெறும் டப்பாவை முதலில் எடைபோட்டுக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.