கணவருக்குக் குழந்தை உண்டு, மனைவிக்கு இல்லை: ஐவிஎஃப் செலவை அரசு தருமா?

லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தில் வேலை, நடந்துபோகும் தூரத்தில் அரசுக் குடியிருப்பு, உடம்புக்கு முடியாவிட்டால் மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் டிஸ்பென்சரி. டெல்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழகிப்போன வாழ்க்கை இது. காய்ச்சல் முதல் இதய அறுவை வரை கைகொடுக்கும் சி.ஜி.எச்.எஸ். அட்டை, குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் உதவும். ஆனால் மறுமணம் செய்துகொண்டவர்கள் விண்ணப்பிக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த குழந்தை இருந்தால் என்ன ஆகும்?

மத்திய சுகாதார அமைச்சகம் 2011 நவம்பர் 22 அன்று பிறப்பித்த ஐவிஎஃப் உத்தரவுதான் இதற்கு அடிப்படை. அதன்படி, வழக்கமான சிகிச்சைகள் பலனளிக்கவில்லை என்பதற்குத் தெளிவான சான்று வேண்டும். அரசு மருத்துவ நிறுவனத்தின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுத் தலைவர் பரிந்துரைக்க வேண்டும். மனைவியின் வயது 21 முதல் 39-க்குள் இருக்க வேண்டும். அவர் கணவருடன் சேர்ந்து வாழ வேண்டும். வாழ்நாளில் அதிகபட்சம் மூன்று சுழற்சிகள், ஒவ்வொன்றுக்கும் ரூ.65,000 அல்லது உண்மையான செலவு, எது குறைவோ அது கிடைக்கும். தனியார் மையங்களில் ஒரு சுழற்சியே லட்சத்தைத் தாண்டுவதால், மிச்சம் குடும்பத்தின் தலையில்தான்.

இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: தம்பதிக்கு உயிருடன் இருக்கும் குழந்தை எதுவும் இருக்கக் கூடாது. யாருக்குப் பிறந்த குழந்தை என்று அந்த வரி சொல்லவில்லை. இந்தத் தம்பதி சேர்ந்து பெற்ற குழந்தை என்று ஓர் அதிகாரி பொருள்கொள்ளலாம். இருவரில் எவருக்கும் எங்கும் குழந்தை இருக்கக் கூடாது என்று அடுத்த மேசையில் இருப்பவர் படிக்கலாம். ஒரு பெண் தாயாவதற்கான வாய்ப்பு, கோப்பு எந்த மேசைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து அமைவது அநியாயம்.

மத்திய அரசு ஊழியர்களின் மருத்துவ விதிகளில் குடும்பம் என்றால் மாற்றாந்தாய்ப் பிள்ளைகளும் அடக்கம். நல்ல ஏற்பாடு அது. கணவரின் மகளைத் தன் மகளாக வளர்க்கும் பெண்ணுக்கு அதனால் பெரிய ஆறுதல். ஆனால் அவரே ஐவிஎஃப் அனுமதி கேட்டுப் போகும்போது, அட்டையில் இருக்கும் அந்த மகளின் பெயரையே காட்டி, உங்களுக்குத்தான் குழந்தை இருக்கிறதே என்று சொல்லிவிட முடியும். பாசமாக வளர்த்ததே அவருக்கு எதிராகத் திரும்பும்.

இப்படி நடக்கும் என்பது வெறும் கற்பனை இல்லை. மகப்பேறு விடுப்பில் இது நடந்திருக்கிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய செவிலியர் ஒருவர், கணவரின் முதல் திருமணக் குழந்தைகள் இருவரையும் பணிப் பதிவேட்டில் சேர்த்து, குழந்தை பராமரிப்பு விடுப்பும் எடுத்திருந்தார். 2019-இல் அவர் வயிற்றில் முதல் குழந்தை பிறந்தபோது, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், ஏ.எஸ்.போபண்ணா அமர்வு, அந்த மறுப்பை ரத்து செய்தது. மறுமணத்தாலும் தத்தெடுப்பாலும் உருவாகும் குடும்பங்களுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றது.

இரண்டாவது வழக்கு நம் தருமபுரியிலிருந்து போனது. அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தின் இரண்டு குழந்தைகளும் முன்னாள் கணவரிடம் வளர்கிறார்கள். மறுமணத்துக்குப் பின் கருவுற்றபோது, இரண்டு குழந்தை விதியைக் காட்டி விடுப்பு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வும் அதை ஏற்றது. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கும் என்றது.

இரண்டுமே விடுப்பு பற்றியவை. சிகிச்சைச் செலவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருவரின் பழைய திருமணக் கணக்கை வைத்து இன்றைய தாய்மையைத் தட்டிக்கழிக்காதீர்கள் என்ற வாதத்துக்கு அவை வலுவான துணை.

வாடகைத்தாய் சட்டத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். பெற்ற குழந்தையோ தத்துக் குழந்தையோ உயிருடன் இருந்தால் வாடகைத்தாய் முறை கூடாது என்று (கடும் நோய், குறைபாடு உள்ள குழந்தை தவிர) 2021-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் சொல்கிறது. அதே ஆண்டு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்தில் அப்படித் தடை இல்லை. சொந்தப் பணத்தில் ஐவிஎஃப் செய்துகொள்ள முந்தைய குழந்தை இடையூறாகாது. அரசுப் பணம் என்று வரும்போதுதான் கேள்வி.

பிரிட்டனிலும் இதே சண்டை நடந்தது. இங்கிலாந்தின் பல வட்டாரங்களில் இருவரில் ஒருவருக்குக் குழந்தை இருந்தாலே இலவச ஐவிஎஃப் கிடையாது. ஸ்காட்லாந்து 2016-இல் விதியைத் திருத்தி, இருவரில் ஒருவருக்குச் சொந்தக் குழந்தை இல்லையென்றால் போதும் என்று எழுதிவிட்டது. 2023-இல் அரசுச் செலவில் சிகிச்சை தொடங்கிய அயர்லாந்தும், அந்தத் தம்பதிக்குச் சேர்ந்து குழந்தை இருக்கக் கூடாது, ஒருவருக்காவது குழந்தையே இருக்கக் கூடாது என்று பிரித்துச் சொன்னது.

பணம் குறைவு, இருவருக்குமே குழந்தை இல்லாதவர்களுக்கு முதலிடம் தர வேண்டாமா என்று கேட்பார்கள். வயது, சுழற்சி, தொகை என்று மூன்று வரம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவதாகக் கணவரின் பழைய மணவாழ்க்கையை வைத்து ஒரு பெண்ணை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்காட்லாந்து எழுதியதைப் போல ஒரு வரி விளக்கத்தை அமைச்சகம் வெளியிட்டால் போதும்.

அதுவரை, சிகிச்சை தொடங்கும் முன்பே அனுமதி கேளுங்கள். பிறகு பில்லைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். முந்தைய திருமணம், குழந்தை விவரங்களை மறைக்காமல் எழுதுங்கள். சிகிச்சை தேவைப்படுபவருக்குச் சொந்தக் குழந்தை இல்லை என்பதையும் தனியே குறிப்பிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பணியில் இருப்பவர்கள் அந்தக் கடிதத்தோடு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். சண்டிகர் செவிலியரும் முதலில் அங்கேதான் போனார்.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இந்த வாதத்துக்கே இடமில்லை. அந்தத் திட்டம் குழந்தைப்பேறு சிகிச்சையை முழுவதுமாக விலக்கி வைத்திருக்கிறது.